நெடுங்கோட்டையில் விழுந்த வாள்: ஒரு தொலைக்காட்சித் தொடரும் திருவனந்தபுரத்தின் நினைவும்

'திப்பு சுல்தானின் வாள்' என்னும் இந்தித் தொடரை தூர்தர்ஷன் 1990இல் ஒளிபரப்பத் தொடங்கியது. இராமாயணம் முடிந்திருந்த நேரம் அது. நாடு முழுவதும் ஒரே அலைவரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். குதிரைப்படை, கோட்டை முற்றுகை, வாட்போர், அரண்மனைச் சதி என வீரசாகசக் கதைக்குரிய எல்லா உறுப்புகளும் அமைந்த அந்தத் தொடர் 60 தவணைகள் ஓடியது. ஆயினும் வேறெந்த வீரசாகசத் தொடருக்கும் நேராத ஒன்று இதற்கு நேர்ந்தது. இது பகவான் கித்வானியின் புதினத்தை அடியொற்றிய புனைவு என்றும், வரலாற்றுத் துல்லியத்துக்கு இத்தொடர் உரிமை கோரவில்லை என்றும் ஓர் அறிவிப்பைத் தொடருடன் சேர்த்தே காட்டவேண்டியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றதன் விளைவு அது. எதிர்ப்பில் முன்நின்றவர்களில் கேரளத்தாரும் கேரளத்துக்கு வெளியே வாழ்ந்த மலையாளிகளும் இருந்தனர்.

அந்த எதிர்ப்பின் வேரைப் பெரும்பாலான கட்டுரைகள் மலபாரில் மட்டும் தேடுகின்றன. 1766இல் ஐதர் அலி தொடங்கிய மைசூர்ப் படையெடுப்புகளை வடகேரளம் இன்றும் 'படையோட்டக் காலம்' என்றே குறிக்கிறது. கோயில்களின் அழிவு, கட்டாய மதமாற்றம், இடம்பெயர்வு ஆகியவற்றின் நினைவு அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அது உண்மையே. ஆனால் திருவனந்தபுரத்தின் நினைவு வேறு வகைப்பட்டது. திப்புவின் படை அந்நகரத்தை ஒருபோதும் எட்டவில்லை. அந்நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் அகதிகள். அவர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது, திருவிதாங்கூர் வரலாற்று நூல்களின்படி, திப்புவின் வாள். தொடரின் தலைப்பில் இருந்த பொருளையே தன் முன்னோர் ஒருமுறை கைப்பற்றினர் என்று நம்பும் நகரம் அத்தொடரை எவ்வாறு பார்த்திருக்கும் என்பதை இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள இயலும்.

வாள் விழுந்ததாகச் சொல்லப்படும் இடம் திருவனந்தபுரத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே உள்ளது. இன்றைய திருச்சூர், எறணாகுளம் மாவட்டங்களின் ஊடாக, கடலோரத்துக் கிருஷ்ணன்கோட்டையிலிருந்து ஆனைமலை அடிவாரம் வரை ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீண்டு கிடந்த மண்மதிலுக்கு நெடுங்கோட்டை என்று பெயர். ஆங்கில ஆவணங்கள் இதைத் திருவிதாங்கூர் அரண்வரிசை என்கின்றன. கோழிக்கோட்டுச் சாமூதிரியிடமிருந்து கொச்சியைக் காத்துக்கொடுத்ததன் பின், 1760களில், கொச்சி அரசின் நிலத்தின் வழியாகவே திருவிதாங்கூர் இதை எழுப்பியது. மதிலின் முன்னால் 16 அடி அகலமும் 20 அடி ஆழமும் கொண்ட அகழி, அதையொட்டி அடர்ந்த மூங்கில் முள்வேலி, இடையிடையே கொத்தளங்கள். பணியை மேற்பார்த்தவர் டிலனாய். 1741இல் குளச்சல் போரில் டச்சுக் கும்பினியின் வீரராகச் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூரின் படைத்தலைவராக உயர்ந்தவர். 1777இல் இறந்த அவருடைய கல்லறை குமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதன்மேல் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. தெற்கே தமிழ் வழங்கிய நாட்டில் துயிலும் ஒரு பிளெமிஷ்காரர் வடக்கே கட்டிய மதிலில் ஒரு கன்னட நாட்டரசர் தடுக்கப்பட்டார். திருவிதாங்கூரை வெறும் மலையாள அரசாகச் சுருக்குவோர் இக்கல்லறையை ஒருமுறையேனும் சென்று பார்ப்பது நன்று.

மதில் கொச்சியின் நிலத்தில் இருந்தது என்பதே திப்புவின் கைக்குக் கிடைத்த சட்ட வாதம். கொச்சி அரசர் மைசூருக்குத் திறை செலுத்தி வந்தவர். ஆகவே தமக்குட்பட்ட நிலத்தில் அயலார் எழுப்பிய மதில் இடிக்கப்படவேண்டும் என்று அவர் கோரினார். 1789 ஜூலை இறுதியில் கொடுங்கல்லூர்க் கோட்டையையும் ஆயக்கோட்டையையும் டச்சுக்காரரிடமிருந்து திருவிதாங்கூர் விலைக்கு வாங்கியபோது வாதம் இன்னும் கூர்மையடைந்தது. அந்நிலமும் கொச்சிக்குரியது, ஆகவே டச்சுக்காரர்களுக்கு விற்கும் உரிமை இல்லை என்றார் திப்பு. சென்னைக் கவர்னர் ஹாலண்டுக்கும் இந்தக் கொள்முதல் பிடிக்கவில்லை. திருவிதாங்கூரின் பழைய எல்லை தாக்கப்பட்டால் மட்டுமே உதவி, புதிதாக வாங்கிய கோட்டைகளுக்காகப் போர் இல்லை என்பது கும்பினியின் அப்போதைய நிலைப்பாடு. மலபாரிலிருந்து தப்பிவந்த அரச குடும்பத்தாருக்கும் பிறருக்கும் இடமளித்த கார்த்திகைத் திருநாள் இராமவர்மாவின் நிலை எளிதானதன்று. தஞ்சம் புகுந்தோரை ஒப்படைக்க மறுத்தால் போர், ஒப்படைத்தால் பழி. அவர் மறுத்தார். பின்னாளில் நிலைத்த 'தர்மராஜா' என்ற பெயர் இந்த மறுப்போடும் சேர்த்தே சொல்லப்படுகிறது.

1789 டிசம்பர் 28 இரவு நடந்ததை மிக விரிவாக எழுதியவர் மார்க் வில்க்ஸ். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர். அவருடைய தென்னிந்திய வரலாறு 1810 முதல் 1817 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அவர் கூற்றின்படி ஏறத்தாழ 14,000 காலாட்களோடு திப்பு இரவில் முகாமைவிட்டுப் புறப்பட்டார். உள்ளூர் வழிகாட்டிகள் காட்டிய காட்டுப்பாதையில் சுற்றிச் சென்று, விடியும் வேளையில் மதிலின் ஒரு கோடியில் ஏறிவிட்டார். அதன் பின் மதிலின் மேலேயே நகர்ந்து, கொத்தளம் கொத்தளமாகப் பிடித்து, முதன்மை வாயிலைத் திறந்து வெளியே காத்திருக்கும் படையை உள்ளே விடுவது திட்டம். காலை ஒன்பது மணிக்குள் மூன்று மைல் நீள மதில் கைவசமாகிவிட்டது. காவற்படையினர் பின்வாங்கிக்கொண்டே இருந்தனர். அகழியைத் தூர்க்கும் வேலை மட்டும் முடியவில்லை. குறுகலான மதில்மேல் முன்னே போவோரும் பின்னே வருவோரும் நெருக்கியடித்து நின்றனர்.

அப்போதுதான் இருபது பேர் கொண்ட ஒரு சிறு குழு புதர்மறைவிலிருந்து பக்கவாட்டில் சுட்டது. முன்னணிக்குத் தலைமை தாங்கிய அதிகாரி விழுந்தார். முன்னே இருந்தவர்கள் திரும்பினர்; பின்னே இருந்தவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. சிறிது நேரத்தில் பின்வாங்கல் ஓட்டமாயிற்று. மதிலுக்கும் அகழிக்கும் இடையே ஒதுங்க இடமில்லாததால் கீழே விழுந்தவர்கள் மேல் அடுத்தவர்கள் விழுந்தனர். அகழி உடல்களால் நிரம்ப, அவற்றின் மேலேறியே எஞ்சியோர் தப்பினர். திப்புவும் அவ்வாறே மெய்க்காவலர்களால் கரையேற்றப்பட்டார் என்கிறார் வில்க்ஸ். அன்று பட்ட காயத்தால் வாழ்நாள் முழுவதும் அவ்வப்போது கால் தாங்கி நடந்தார் என்றும் குறிப்பிடுகிறார். பல்லக்கு அகழியிலேயே கிடந்தது. அதைச் சுமந்தவர்கள் மிதிபட்டு இறந்திருந்தனர்.

வீரசாகசக் கதையின் உச்சக் காட்சியாக இதைவிட வேறென்ன வேண்டும்? இருபது பேர் பதினாலாயிரம் பேரைத் திருப்பினர். மலையாள மரபு இந்த இருபது பேரின் தலைவரை வைக்கம் பத்மநாப பிள்ளை என்று பெயர்சொல்லி அழைக்கிறது. அவர் திப்புவின் காலை வெட்டினார் என்றும் சேர்த்துக்கொள்கிறது. வில்க்ஸிடம் அந்தப் பெயர் இல்லை, வெட்டும் இல்லை. ஆனால் இருபது என்னும் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறது. வாய்மொழி மரபு அச்சு நூலிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டதா, அன்றி இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையா என்பது ஆய்வாளர் ஒருவர் தனியே எடுத்துக்கொள்ளத்தக்க கேள்வி.

இங்கேதான் சான்றுகளை அடுக்கிப் பார்க்கவேண்டியிருக்கிறது. நிகழ்ச்சி முடிந்த சில நாள்களிலேயே இருவேறு கதைகள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தரப்பின் கதையில் சுல்தான் தாமே படை நடத்தி வந்து, தாமே தோற்று ஓடினார். திப்புவின் கடிதத்தில் அது ஒரு சில்லறைச் சச்சரவு: தப்பியோடியவர்களைத் தேடிச் சென்ற தம் ஆட்கள் மீது திருவிதாங்கூரார் முதலில் சுட்டனர், பதிலுக்கு ஆட்கள் மதிலைத் தாண்டினர், செய்தி அறிந்ததும் தாம் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார். கும்பினி போருக்கு வரவேண்டுமானால் சுல்தான் அங்கே இருந்தாகவேண்டும். வரக்கூடாது என்றால் இருந்திருக்கக் கூடாது. கல்கத்தாவில் இருந்த கார்ன்வாலிஸ் முதற்கதையை ஏற்றார். ஹாலண்டின் தயக்கத்தைக் கடிந்தார். மூன்றாம் மைசூர்ப் போருக்கு உரிய காரணம் கிடைத்துவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து எழுதிய வில்க்ஸ், வென்றவர்களின் பக்கத்திலிருந்து, தோற்ற தரப்பில் உயிரோடிருந்தவர்களையும் விசாரித்து எழுதியவர். அவருடைய விவரணை உயிரோட்டமானது என்பதாலேயே அது நடுநிலையானது ஆகிவிடாது. எனினும் பல்லக்குத் தூக்கிகள் மிதிபட்டு இறந்ததைக் கண்டு எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அவ்வளவுக்கு அவரை நம்பலாம்.

வாள் எங்கே வருகிறது? வில்க்ஸ் அழுத்திச் சொல்வது பல்லக்கையும் முத்திரைகளையும் மோதிரங்களையும் அணிகலன்களையும்தான். வாளை முன்னே கொண்டுவந்தவை திருவனந்தபுரத்தில் எழுதப்பட்ட நூல்கள். 1878இல் வெளிவந்த பி. சங்குண்ணி மேனனின் திருவிதாங்கூர் வரலாறும், 1906இல் வி. நாகம் ஐயா தொகுத்த அரசுக் கையேடும் கைப்பற்றிய பொருள்களோடு வாளைச் சேர்க்கின்றன. அவை திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டன. செய்தி கேட்டு மகிழ்ந்த ஆற்காட்டு நவாப் வாலாஜா முகமது அலி அவற்றைத் தமக்கு அனுப்பக் கேட்டார். மகாராஜா அனுப்பிவைத்தார் என்பது கதை. ஐதர் அலியால் தம் நாடு 1780இல் தீக்கிரையானதைக் கண்ட வாலாஜாவுக்கு அந்த வாள் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஐதரின் மகன் விட்டுச்சென்ற ஆயுதத்தைத் தொட்டுப் பார்ப்பதே அந்த முதியவருக்கு எஞ்சியிருந்த வெற்றி.

இதற்கு அப்பால் பாதை மங்குகிறது. 1801இல் கர்நாடக ஆட்சி கும்பினியின் கைக்குப் போனபோது அந்த வாளும் இலண்டனுக்குப் போனது என்ற கூற்று இதழ்களிலும் இணையத்திலும் திரும்பத் திரும்ப வருகிறது. விஜய் மல்லையா 2003இல் இலண்டன் ஏலத்தில் வாங்கிய வாளும் அதுதான் என்று எழுதியவர்கள் உண்டு. ஓர் அரசரிடம் ஒரே ஒரு வாள்தான் இருக்கும் என்ற கற்பனை இதற்கு அடிப்படை. சீரங்கப்பட்டணம் 1799 மே 4 அன்று வீழ்ந்தபின் திப்புவின் அரண்மனையிலிருந்து வெளியேறிய வாள்கள் பல. படுக்கையறையில் இருந்த வாள் தளபதி டேவிட் பெயர்டுக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. 2023 மே மாதம் இலண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 1.4 கோடி பவுண்டுக்கு மேல் விலைபோனதும் அதுவே. 1799இல் அவர் படுக்கையருகே இருந்த வாளும் 1789இல் அகழியில் விழுந்த வாளும் ஒன்றாக இருக்க, நடுவே வாலாஜாவின் கருவூலத்திலிருந்து அது மைசூருக்கு நடந்து போயிருக்கவேண்டும்.

கித்வானியின் புதினம் 1976இல் வந்தது. அதன் தலைப்பில் உள்ள வாள் எந்த உலோக வாளையும் குறிப்பதன்று. அந்நியரை எதிர்த்த ஓர் அரசின் உருவகம். இந்தியத் தேசிய நினைவில் திப்புவுக்கு அந்த இடம் உண்டு. கும்பினியோடு போரிட்டுக் களத்திலேயே இறந்த அரசர் என்பதில் ஐயமில்லை. 1791இல் மராட்டியப் படையால் சூறையாடப்பட்ட சிருங்கேரி மடத்துக்கு அவர் எழுதிய கடிதங்களும் கிடைத்துள்ளன. மலபாரில் அவர் படை செய்தவற்றை இவை அழித்துவிடுவதில்லை. அவற்றால் இவையும் அழிவதில்லை. ஒரே ஆட்சியாளர் தாம் ஆண்ட நாட்டில் ஒருவராகவும், அடக்க முயன்ற நாட்டில் மற்றொருவராகவும் இருந்தார். தொலைக்காட்சித் தொடருக்கோ ஒரே ஒரு நாயகன் வேண்டும். நீதிமன்றம் வரை போன பூசலின் உட்கரு இதுவே. புனைவு என்ற அறிவிப்பு தயாரிப்பாளர்களைக் காத்தது. நெடுங்கோட்டையில் யார் யாரைத் தாக்கினர் என்ற கேள்வியை அது தொடவேயில்லை.

திருவனந்தபுரத்துக்கும் தனக்கென ஒரு வீரசாகசப் புனைவு ஏற்கெனவே இருந்தது என்பதை மறக்கலாகாது. சி. வி. இராமன் பிள்ளையின் 'ராமராஜபகதூர்' 1918 தொடங்கி இரு பாகங்களாக வெளிவந்தது. 'மார்த்தாண்டவர்மா', 'தர்மராஜா' ஆகியவற்றின் வரிசையில் மூன்றாவதான அப்புதினத்தின் களமே திப்புவின் படையெடுப்புதான். அதன் மையத்தில் நிற்பவர் திவான் கேசவ பிள்ளை. இன்றைய குமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்துக் குன்னத்தூரில் பிறந்து, 1789இல் திவானாகி, பின்னர் ராஜா கேசவதாஸ் எனப் பட்டம் பெற்றவர். தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை நடத்தும் சாலைக் கடைவீதி அவர் அமைத்தது. தலைநகரின் மூன்று தலைமுறை மாணவர்கள் நெடுங்கோட்டையை அறிந்தது வில்க்ஸ் வழியாக அன்று, சி. வி. வழியாகத்தான். எனவே 1990இல் ஒரு புனைவு வரலாற்றை எதிர்கொண்டது என்பது பாதி உண்மை. தில்லியிலிருந்து வந்த ஒரு புனைவு, திருவனந்தபுரத்தில் எழுபது ஆண்டுகளாக வேரூன்றியிருந்த மற்றொரு புனைவை எதிர்கொண்டது. குடப்பனக்குன்றில் இயங்கிய தூர்தர்ஷன் நிலையம் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியதே 1985 ஜனவரி 1 அன்றுதான். தன் கதையைத் தானே காட்சியாக்கிக்கொள்ளும் வசதி அந்நகரத்துக்கு அப்போது ஐந்து வயதே ஆகியிருந்தது.

தொடரின் வரலாற்றில் இன்னொரு நாளும் உண்டு. 1989 பிப்ரவரி 8 அன்று மைசூர் பிரீமியர் ஸ்டூடியோவில் திருமணக் காட்சி ஒன்றைப் படமாக்கிக்கொண்டிருந்தபோது தீப்பற்றியது. சுவர்களில் சாக்குத் துணி, காற்றோட்டமில்லாத அரங்கு, பெரும் விளக்குகளின் வெப்பம், தளர்ந்த மின்கம்பிகள், தீயணைக்க மணலும் தண்ணீருமே. 62 பேர் இறந்தனர். நாயகனாக நடித்து இயக்கிக்கொண்டிருந்த சஞ்சய் கான் கடும் தீக்காயங்களோடு பல மாதங்கள் மருத்துவமனையில் இருந்து மீண்டார். அவர் மீண்டுவந்து தொடரை முடித்த கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. இறந்தவர்களின் பெயர்கள் அவ்வாறு சொல்லப்படவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அகழியில் மிதிபட்ட பல்லக்குத் தூக்கிகளின் பெயர்களையும் வில்க்ஸ் எழுதவில்லை. சங்குண்ணி மேனனும் எழுதவில்லை.

நெடுங்கோட்டை வெற்றிக்குத் திருவிதாங்கூர் கொடுத்த விலையும் கணக்கில் வரவேண்டும். டிசம்பரில் தோற்ற திப்பு அங்கேயே தங்கி, கனரகப் பீரங்கிகளை வரவழைத்து, 1790 ஏப்ரலில் மதிலை உடைத்துவிட்டார். கொடுங்கல்லூர் வீழ்ந்தது, படை ஆலுவா வரை வந்தது. எல்லையருகே நிறுத்தப்பட்டிருந்த கும்பினிப் பிரிவு கைகட்டி நின்றது. பெரியாற்றில் பருவமழை வெள்ளமும், திருச்சிராப்பள்ளியில் மெடோஸ் தலைமையில் படை திரள்கிறது என்ற செய்தியும் சேர்ந்துதான் திப்புவைத் திருப்பின. ஆற்றின் தடுப்பணைகளை உடைத்து வெள்ளத்தை வரவழைத்தனர் என்ற கதையும் வழக்கில் உண்டு. மே இறுதியில் மலையாளக் கரையில் வெள்ளம் வர மனிதர் கை தேவையில்லை.

போர் 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு முடிந்தது. திப்பு பாதி நாட்டை இழந்தார். எந்த அரசைக் காப்பதற்காகப் போர் தொடங்கியதாகச் சொல்லப்பட்டதோ, அந்தத் திருவிதாங்கூர் போர்ச் செலவுக்குப் பணம் கட்டியது. 1795இல் புதிய உடன்படிக்கை. அதே ஆண்டில் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1800இல் ரெசிடெண்ட் வந்தார். 1805 உடன்படிக்கையால் ஆண்டுத்தொகை எட்டு லட்சம் ரூபாயாயிற்று. அதைக் கட்ட இயலாமல் எழுந்த கசப்பும் சேர்ந்து 1809இல் வேலுத்தம்பியின் கிளர்ச்சியாக வெடித்தது. அக்கிளர்ச்சியில் பங்குகொண்டு தூக்கிலேறியவர்களில் வைக்கம் பத்மநாப பிள்ளையும் ஒருவர். திப்புவைத் திருப்பியவர் என்று நாடு பாடிய மனிதரைத் தூக்கிலிட்டது, திப்புவை வீழ்த்திய அதே வல்லரசு. புதினமோ தொடரோ இந்தக் கடைசிக் காட்சி வரை வருவதில்லை. வந்திருந்தால், தில்லியின் திப்புவும் திருவனந்தபுரத்தின் பத்மநாப பிள்ளையும் ஒரே பகைவனின் கையில் முடிந்தவர்கள் என்பது இரு தரப்புப் பார்வையாளர்களுக்கும் தெரிந்திருக்கும்.

மதில் இன்று ஏறத்தாழ இல்லை. மண்ணை வயலுக்கும் வீட்டுக்கும் அள்ளிப்போய்விட்டனர்; சாலைகளும் இரயில் பாதையும் அதைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. கடற்கரைப் பக்கம் கிருஷ்ணன்கோட்டை என்ற ஊர்ப்பெயர் நிற்கிறது. உள்ளே, சாலக்குடிப் பக்கத்தில், மதில் உடைபட்ட இடத்தை மக்கள் இன்றும் 'கோட்டமுறி' என்றே அழைக்கின்றனர்.